கட்டிலுக்குக் கால் எத்தனை?

பஞ்ச பாண்டவர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "தெரியாதா என்ன, கட்டில் கால் போல மூன்று பேர்" என்று சொல்லி, இரண்டு விரலைக் காட்டி, ஒன்று என்று எழுதியவனைப் பற்றிய பழமொழியை நாம் எல்லோரும் சிறுவயதில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு ஓர் அடிப்படை இருந்தது. கட்டிலுக்குக் கால் நான்கு என்பது, கேட்பவர் எவராயினும், எண்ணிப் பார்க்காமலே அறிந்த செய்தி. அதைக்கூட அறியாதவன் பாண்டவரை எண்ண வந்தானே என்பதுதான் நகைப்பு. இன்றைய பிள்ளையிடம் இந்தப் பழமொழியைச் சொல்லிப் பாருங்கள். அது சிரிக்காது. அது உறங்கும் கட்டிலுக்குக் காலே இல்லை. தரையோடு ஒட்டிய ஒரு பெட்டி. பெட்டிக்குள் பழைய போர்வைகள். பெட்டியின் மேல் ஒரு மெத்தை. அவ்வளவுதான்.

கால் போனதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு என்பதும், அது அழகைப் பற்றிய நட்டம் மட்டுமன்று என்பதும், இலக்கியம் பேசுகிற நமக்கு அதில் பொறுப்பு உண்டு என்பதுமே இக்கட்டுரையின் வாதம். இதை நாம் நூலகத்தில் அமர்ந்து கண்டறியவில்லை. மூலக்குளத்தில், நம் வீட்டில், ஒரு முதியவர் கட்டிலிலிருந்து எழ முடியாமல் தவித்தபோது கண்டறிந்தோம்.

*

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில், ரெட்டியார்பாளையத்தைக் கடந்தால் மூலக்குளம். கடற்கரையோரத்து வெள்ளை நகரின் மஞ்சள் சுவர்களைப் படமெடுக்க வருவோர் எவரும் இங்கு வருவதில்லை. இங்கே வீடு கட்டிக் குடியேறியவர்களில் பெரும்பாலோர் நம்மைப்போல மாதச் சம்பளக்காரர்கள். புதுவீட்டுக்குப் புதுக்கட்டில் வேண்டுமென்று நாமும் ஒரு கடையில் பெட்டிக் கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டோம். பளபளப்பாக இருந்தது. உள்ளே நிறையச் சாமான் வைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். உண்மைதான், வைத்தோம்.

நம் தாயாருக்கு அப்போது எழுபத்தைந்து வயது. முழங்கால் தேய்மானம். ஒவ்வொரு நாள் காலையிலும் கட்டில் விளிம்பில் அமர்ந்து, எழ முயன்று, மீண்டும் பின்னால் சாய்ந்துவிடுவார். மூப்பு என்று நினைத்தோம். ஒருநாள் விழுந்தார். எலும்பு முறியவில்லை என்பது நல்லூழ். அன்றுதான் அவர் அமர்ந்திருந்த விதத்தை முதன்முறையாக நாம் உற்றுப் பார்த்தோம்.

உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழவேண்டுமானால், முதலில் பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். உடலின் எடை பாதங்களுக்கு நேர்மேலாக வந்த பிறகே கால்கள் அதைத் தூக்கும். நாற்காலியிலிருந்து எழும்போது நம் பாதங்கள் தாமாகவே இருக்கைக்கு அடியில் போவதைக் கவனித்தால் இது விளங்கும். பெட்டிக் கட்டிலில் பாதம் பின்னே போக இடமில்லை. குதிகால் பலகையில் முட்டுகிறது. இளையவர்கள் உந்தி எழுந்துவிடுகிறார்கள். முதியவர்களால் முடியாது. கட்டிலுக்கு அடியிலிருந்த அந்தக் காலியிடம், வீணான இடமென்று வணிகம் முடிவுகட்டி நிரப்பிய அந்த இடம், அத்தனை காலமும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. எழுபவருக்கு அது வழிவிட்டு நின்றது.

மீதிக் கதையை மழை முடித்துவைத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரை ஈரம் காயவே காயாது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை அடிவிளிம்பில் நீரை உறிஞ்சி ஊறிப் பருத்தது. திருகாணிகள் பிடிப்பற்றுச் சுழன்றன. உண்மை மரம் ஊறினால் காய்ந்தபின் ஏறக்குறையப் பழைய அளவுக்கு மீளும். தூள் பலகை ஊறிப் பருத்தால் பருத்ததுதான். அதைச் செப்பனிட ஆசாரி ஒருவரைத் தேடிப் போனோம். அவர் வந்து பார்த்துவிட்டு, தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல உளி வெக்க இடமே இல்ல சார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு விமரிசனமே அடங்கியிருப்பதாக நமக்குப் பட்டது. உளி வைக்க முடியாத பொருளைப் பழுதுபார்க்க முடியாது; பழுதுபார்க்க முடியாததற்குத் தச்சர் தேவையில்லை.

*

ஆகவே கால் வைத்த கட்டில் ஒன்று செய்வது என்று முடிவாயிற்று. நமக்கு ஆசை வேறு இருந்தது. நகரின் பழைய வீடொன்றில் ஆட்டின் பின்னங்காலைப் போல வளைந்து இறங்கும் கால்கொண்ட இருக்கை ஒன்றைக் கண்டிருந்தோம். மேலே முழங்கால்போல் வெளியே புடைத்து, கீழே கணுக்கால்போல் உள்ளே மெலிந்து, பாதத்தில் மீண்டும் வெளியே திரும்பும் வளைவு. அதற்கு வழங்கும் கப்ரியோல் என்ற பெயரே ஆட்டின் துள்ளலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பதினைந்தாம் லூயி மன்னனின் காலத்தில் (1715–1774) பிரான்சில் கோலோச்சிய வடிவம் அது. அதற்கு வெகுகாலம் முன்பே சீனத்து மரச்சாமான்களில் அத்தகைய வளைவு உண்டு. அதை வரைந்து எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனோம்.

ஐயா அதைச் செய்யத் தெரியாது என்று சொல்லவில்லை. செய்யும் முறையைச் சொன்னார். சதுரக் கட்டையின் அடுத்தடுத்த இரண்டு முகங்களிலும் ஒரே வளைவை வரைந்து, ஒரு முகத்தை அறுத்து, அறுத்த துண்டுகளை மீண்டும் ஒட்டவைத்துக் கட்டி, அடுத்த முகத்தை அறுக்க வேண்டும். துண்டுகளை நீக்கினால் உள்ளிருந்து கால் வெளிவரும். பிறகு அரமும் உளியுமாக முனைகளை உருட்ட வேண்டும். ஆனால், மரத்தின் நார் நேராகத்தான் ஓடும். கால் வளைந்து ஓடுகிறது. வளைவு மிகுந்த கணுக்கால் பகுதியில் நார் குறுக்கே துண்டுபட்டுப் போகிறது. அங்கேதான் முறியும். நாற்காலிக்குப் பரவாயில்லை, வளைவைக் குறைத்துச் செய்தால் கட்டிலுக்கும் ஆகும். ஆனால் அம்மா படுக்கிற கட்டிலுக்கு அது வேண்டாம் என்றார். "கட்டில ஒரு நாளாச்சும் இழுப்பீங்க சார். இழுக்கறப்ப கால்லதான் வேகம் வரும்."

அவர் சொன்ன மாற்று, கடைசல் கால். மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடைந்து உருட்டுவது. நார் நடுவிலே நேராக மேலிருந்து கீழ்வரை ஓடும். எந்த இடமும் துண்டுபடாது. நாம் மீண்டும் வரைந்தோம். மேலே ஒரு வளையம், கீழே ஒரு குடம், குடத்தின் கீழே மெலிந்த கழுத்து, அடியில் ஒரு குமிழ். கழுத்தை ஓர் அங்குலத்துக்கு ஒடுக்கியிருந்தோம். தாளில் அது மிக நளினமாக இருந்தது. அவர் பென்சிலை வாங்கி அதை ஒன்றே முக்கால் ஆக்கினார். சட்டம் வந்து பொருந்தும் இடத்திலும் நாம் வளையங்களை வரைந்திருந்தோம். அதை முற்றாக அடித்துவிட்டு, அங்கே சதுரமாகவே விட்டார். சட்டத்தின் கழுந்து காலின் துளைக்குள் நுழையும்போது அதன் தோள் சப்பையான முகத்தில்தான் அமர வேண்டும். உருண்டையில் தோள் அமராது. அமராத தோள் ஆடும். ஆடுகிற கட்டில் முனகும். பழைய கடைசல் கால்களில் எல்லாம் நடுவே ஒரு சதுரக் கட்டை வருகிறதே, அதை ஓர் அலங்கார ஓய்வென்று நாம் நினைத்திருந்தோம். அது மூட்டின் இருப்பிடம்.

இவ்வாறே ஒவ்வொரு வடிவுக்கும் ஒரு காரணம் இருந்தது. தாயாரின் முழங்கால் உயரம் 17 அங்குலம். மெத்தை 5 அங்குலம். ஆகவே மெத்தை தாங்கும் குறுக்கு ரீப்பர்கள் தரையிலிருந்து 12 அங்குலத்தில். பக்கச் சட்டம் 6 அங்குல அகலம். அதன் மேல்விளிம்பு 13இல், கீழ்விளிம்பு 7இல். பாதம் பின்னே போகவும், துடைப்பம் அடியில் நுழையவும் அந்த 7 அங்குலம் போதும். அந்த 7 அங்குலத்துக்குள்தான் குடமும் கழுத்தும் குமிழும் வரவேண்டும். கால்மாட்டுக் கால்கள் ஒன்றரை அடி, தலைமாட்டுக் கால்கள் மூன்றரை அடி. எல்லாம் 3 அங்குலச் சதுரத்திலிருந்து கடைந்தவை. ஒன்றரை அங்குலச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது அரை அங்குலம், கழுந்தின் கனம். குறுக்குச் சட்டங்கள் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நிலையாக ஒட்டப்பட்டன. நெடுஞ்சட்டங்கள் மட்டும் போல்ட்டு முடுக்கிக் கழற்றும்படி வைக்கப்பட்டன. வாசலைவிடக் கட்டில் பெரிது என்பதையும், வீடு மாறுகிறவர்கள் மனிதர்கள் என்பதையும் நினைவில் வைத்திருக்கும் வடிவமைப்பு இது.

ஆறரைக்கு ஐந்தடிக் கட்டிலுக்கு மொத்த மரம் நம் கணக்கில் ஏறத்தாழ 4.4 கன அடி, சேதாரம் நீங்கலாக. அதில் நான்கு கால்களின் பங்கு சுமார் 0.6 கன அடி. ஏழில் ஒரு பங்கு மரம். ஆனால் பதினொரு நாள் வேலையில் ஐந்து நாள் கால்களுக்கே போயிற்று. கட்டை தேர்ந்து, வெளிறு நீக்கி வைரமாகப் பார்த்து, இழைத்துச் சதுரமாக்கி, துளைகளை முதலில் அடித்து, பிறகே கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். உருட்டிய பின் துளையடித்தால் கட்டை நிலையாக நிற்காது. நான்கு கால்களும் ஒன்றுபோல் வர, ஒரு மெல்லிய குச்சியில் வளையம் வரும் இடம், குடம் திரளும் இடம், கழுத்து ஒடுங்கும் இடம் ஆகியவற்றை வெட்டிக் குறித்துக்கொண்டு, சுழலும் கட்டையில் அந்தக் குச்சியை வைத்துக் குறித்தார்கள். அளவுகோல் அங்கே வெளியே எடுக்கப்படவேயில்லை.

*

இந்த இடத்தில்தான் நமக்கு ஓர் உறுத்தல் வந்தது.

பட்டறையில் சுழலும் கட்டையில் குடம் திரண்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இதை எங்கோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய 188 அடிப் பாட்டு. போர்க்களம் சென்ற தலைவனைப் பிரிந்து அரசி உறக்கமின்றிக் கிடக்கும் கட்டிலை அதில் நக்கீரர் வருணிக்கிறார். நாற்பது வயது நிறைந்த யானையின் தானே விழுந்த தந்தம். அதை இருபுறமும் செம்மையாகச் செதுக்கி, கூரிய உளியால் இலை வடிவம் இடையிட்டு, திரண்ட குடமும், உள்ளிப் பூண்டின் முதலை ஒத்த உறுப்பும் அமைத்துக் கால் பொருத்திய கட்டில். பாண்டில் என்று அதற்குப் பெயர்.

குடம், உள்ளி. நாம் தாளில் வரைந்து எடுத்துப்போன அதே குடம், அதே குமிழ். கல்லூரியில் இந்தப் பகுதியைப் படித்து, உவமையைக் குறித்து, உரையாசிரியர் கூறும் நயத்தை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் இது ஒரு கடைசல் காலின் வடிவக் குறிப்பு என்பது நம் மூளையில் ஏறவேயில்லை. மேலிருந்து கீழே எந்த வரிசையில் எந்த உறுப்பு வருகிறது என்பதை, தச்சுவேலையை அருகே நின்று பார்த்த ஒருவரால்தான் அவ்வளவு சரியாகச் சொல்ல முடியும். நக்கீரர் பார்த்திருக்கிறார். அவரைப் படித்த நாம் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் ஆற்றலுக்கு ஓர் உவமை தருகிறார். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முழுக்க இருந்து செய்த ஒற்றைத் தேர்க்காலைப் போன்றவன் அவன் என்கிறார். அங்கே கால் என்பது சக்கரம். வேகமாகச் செய்யத் தெரிந்தவன் மெதுவாகச் செய்ததன் வலிமை என்னும் இந்தக் கருத்தை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஆனால் ஒரு கட்டில் காலுக்கு ஒரு நாளுக்கும் மேல் ஆகும் என்று ஆசாரி சொன்னபோது, "அவ்வளவு நாளா?" என்று கேட்டவர்களும் நாம்தான்.

தமிழ் இலக்கிய வாசகனின் முரண் இது என்று துணிந்து சொல்வோம். சொல்லைக் காப்பாற்றுகிறோம், பொருளைக் கைவிடுகிறோம். குடமும் உள்ளியும் அகராதியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் கடையும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. பட்டறை மூடியபின் அந்தச் சொல்லுக்கு உரை எழுதுவோர் எதைப் பார்த்து எழுதுவார்கள்?

*

புதுச்சேரிக்காரராகிய நமக்கு இதில் ஒரு கூடுதல் கணக்கு இருக்கிறது. துய்ப்ளெக்ஸ் 1742 முதல் 1754 வரை இங்கே ஆளுநராக இருந்தவர். பதினைந்தாம் லூயியின் ஆள். அவர் படுத்ததாகச் சொல்லப்படும் கட்டில் ஒன்று புதுச்சேரி அருங்காட்சியகத்தில் உண்டென்று பயணநூல்கள் குறிப்பிடும். 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினார்கள். அந்தக் காலத்து வீடுகளும் அவற்றின் தட்டுமுட்டுகளும் எஞ்சியது அரிது. ஆகவே அப்படியொரு கட்டிலைச் சுட்டிக் கதை சொல்வதில் வியப்பில்லை. நம் கேள்வி வேறு. அதில் படுத்தவர் யார் என்று சொல்கிறோம், செய்தவர் யார்? நெடுநல்வாடையும் தன் கட்டிலைச் செய்தவனை வல்லோன் என்ற ஒரு சொல்லால் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆயிரத்தெழுநூறு ஆண்டு இடைவெளியிலும் பழக்கம் மாறவில்லை.

இங்கே நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் கூடாது. அந்தப் பழைய கட்டில்கள் யாருடையவை? ஆண்டைகளுடையவை, துரைகளுடையவை, வட்டிக்கடைக்காரர்களுடையவை. குடம் கடைந்தவர் கோரைப்பாயில் படுத்தார். கடைசல் கால் மறைகிறதே என்று நாம் வடிக்கும் கண்ணீரில் பழைய வீட்டுத் திண்ணையின் ஏக்கம் கலந்திருந்தால், அதைத் துடைத்துவிட்டுப் பேசுவதே நேர்மை. ஆசாரியின் மகன் பொறியியல் படிக்கிறார். நல்லது. தந்தையின் உளியை மகன்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? நம் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையும் நாம் பட்டறைக்கு அனுப்பவில்லையே.

இன்னொரு மறுப்பும் எழும். கால் அலங்காரமாகத்தான் இருக்க வேண்டுமா, எளிமை ஆகாதா என்று. ஆகும். அதற்கும் புதுச்சேரியே சான்று. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட விடுதி, அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. அதன் கட்டுமானத்தை மேற்பார்க்க 1937இல் இங்கு வந்த ஜப்பானிய அமெரிக்கர் ஜார்ஜ் நகஷிமா, 1939 வரை தங்கியிருந்தார். சுந்தரானந்தா என்ற பெயரும் இங்கே பெற்றார். அந்த விடுதிக்காக அவர் தேக்கில் வடிவமைத்த மரச்சாமான்களில் குடமும் இல்லை, உள்ளியும் இல்லை. மெல்லிய நேர்க்கோடுகள்தாம். இருபதாம் நூற்றாண்டின் பெரும் மரவேலைக் கலைஞர்களுள் ஒருவராகப் பின்னாளில் அறியப்பட்ட அவரது தச்சுவாழ்வின் தொடக்க அத்தியாயம் நம் ஊரில் எழுதப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. 1942இல் அப்படி அடைபட்ட இடாகோ முகாமில், மரபுவழி ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் அமர்ந்து அவர் மேலும் கற்றுக்கொண்டார். கட்டடக்கலை படித்து வந்தவர், முகாமில் தச்சரிடம் மாணவரானார்.

ஆகவே நம் வழக்கு எளிமைக்கு எதிரானதன்று. ஒரு நேரான காலையும் எங்கே தடிப்பாக விடுவது, எங்கே மெலியவிடுவது என்று எண்ணிச் செய்தால் அதுவும் உருவம் கொண்ட கால்தான். நாம் எதிர்ப்பது எண்ணமே இல்லாமையை. பெட்டிக் கட்டில் எளிமையானது அன்று; அது யோசிக்கப்படாதது. படுப்பவர் எப்படி எழுவார், மழையில் தரை எப்படி இருக்கும், உடைந்தால் யார் திருத்துவார் என்ற மூன்று கேள்விகளையும் அது கேட்கவில்லை.

*

மிச்சமிருப்பது பணம். தேக்குக் கட்டில் யாரால் முடியும்? நியாயமான கேள்வி. நாமும் புதுத்தேக்கு வாங்கவில்லை. நகரில் இடிக்கப்படும் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரைகளிலிருந்து இறங்கும் உத்தரங்களும் கட்டைகளும் பழைய மரக்கடைகளில் கிடைக்கின்றன. பல்லாண்டு காய்ந்த மரம்; இனி முறுக்காது. அந்த வீடுகள் இடிவது வருத்தத்துக்குரியது, காக்க முயல்வோரின் பக்கமே நாம். ஆனால் இடிந்தபின் அந்த மரம் அடுப்புக்குப் போவதைவிடக் கட்டிலாவது மேல். ஒரே தொல்லை, உள்ளே ஒளிந்திருக்கும் பழைய ஆணிகள். ஆசாரியின் இழைப்புளி அலகு இரண்டு முறை பல் போயிற்று. தேக்கே வேண்டும் என்பதுமில்லை. பூவரசும் வேம்பும் நம் பக்கத்தில் தலைமுறைகளாகக் கட்டிலானவை. இதையெல்லாம் கூட்டிக் கழித்தபின்னும் பெட்டிக் கட்டிலைவிட நமக்குக் கூடுதலாகவே செலவாயிற்று. மறைக்கவில்லை. ஆனால் முதல் கட்டில் சில ஆண்டில் குப்பைக்குப் போனது. இது நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கழற்றி முடுக்கப்படும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டோம். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் பதினெட்டுத் தொழில்களுள் தச்சும் ஒன்று. கருவிகளுக்கு 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன். அது குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்ற கண்டனம் தமிழகத்தில் எழுந்ததும், அந்தக் கண்டனத்தில் பொருள் இருப்பதும் நாம் அறிந்ததே. எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கருவி கிடைத்துவிடும், வேலை யார் கொடுப்பது? கடைசல் உளியை அரசு தரலாம். குடம் கடையச் சொல்லி ஒருவர் வந்து கேட்க வேண்டுமே. கூலியும் கௌரவமும் இருந்தால் எந்தச் சாதிப் பிள்ளையும் அந்த வேலைக்கு வருவான், வருவாள். அவை இல்லாதபோது ஆசாரியின் பிள்ளையே போய்விடுகிறான். அதில் பிழையில்லை. தொழில் குலத்திலிருந்து விடுபட்டுப் பிழைக்க வேண்டுமானால், கேட்பவர் இருக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. வாழ்நாளில் ஒருமுறையேனும் ஒரு மரச்சாமானை, ஒரு முக்காலியையாவது, சொல்லிச் செய்துகொள்ளுங்கள். வரைந்து எடுத்துப் போங்கள். ஆசாரி அதைத் திருத்தும்போது ஏன் என்று கேளுங்கள். உறுப்புகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கழுந்து, தோள், குடம், கழுத்து என்று அவர் சொல்லும்போது ஒரு பழம்பாட்டின் உரை கண்முன் நடப்பதைக் காண்பீர்கள். பேரம் பேசாதீர்கள், இலக்கியச் சிற்றிதழுக்குச் சந்தா கட்டும்போது பேரம் பேசுவதில்லையே.

*

கட்டில் முடிந்த அன்று அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர்; பிரெஞ்சுக்காரர் போய் வெகுகாலமானாலும் இந்தப் பெயர் போகவில்லை. எல்லாம் காய்ந்தபின், சட்டத்தின் உட்புறத்தில் உங்கள் பெயரைச் செதுக்கிவிடுங்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டோம். வல்லோன் என்று விட்டுவிடக் கூடாதென்ற நம் வீம்பு அது. அவர் கூச்சத்தோடு சிரித்து, "கட்டில்ல போய் பேரு எதுக்கு சார், படுக்கறவங்க காலு படும்" என்று மறுத்துவிட்டார். நாமும் வற்புறுத்தவில்லை. அவர் விரும்பாத பெருமையை அவர்மேல் திணிப்பதும் இன்னொரு வகை மேட்டிமைதான்.

ஆனால் நெடுஞ்சட்டங்களைக் கழற்றி மாட்டும்போது ஒன்றைக் கண்டோம். ஒவ்வொரு காலின் சதுரக் கட்டையிலும், அதில் சேரும் சட்டத்தின் முனையிலும், உளியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒரு காலுக்கு ஒரு கோடு, அடுத்ததற்கு இரண்டு, பிறகு மூன்று, பிறகு நான்கு. எந்தச் சட்டம் எந்தக் காலுக்கு என்று மாறிவிடாமல் இருக்க, வேலையின்போது அவர் இட்ட அடையாளம். கையெழுத்தை அவர் தம் போக்கில் போட்டுத்தான் இருக்கிறார்.

நம் தாயார் இப்போது காலையில் விளிம்பில் அமர்ந்து, பாதங்களைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, தலைமாட்டுக் காலின் குடத்தைக் கையால் பற்றி, யாரையும் கூப்பிடாமல் எழுந்துவிடுகிறார். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருநாள் தரையில் படுத்துக்கொண்டு கட்டிலின் அடியை எட்டிப் பார்த்து அந்தக் கோடுகளை எண்ணினாள். அவளிடம் பாண்டவர் பழமொழியைச் சொன்னோம். சிரித்தாள்.